குல் ஜமானுக்கு யார் இருக்கா?

ஆசீர்வாதத்திடம் வாதாடி ஜெயித்தவர்கள் சூரியநெல்லிப் பக்கம் யாரும் கிடையாது. உடனே அவனைப் பெரிய பேச்சாளி என்று நினைத்துவிட வேண்டாம். எதிராளி பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். முடித்ததும், தான் முதலில் சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்வான். அவ்வளவுதான் அவன் வாதம். "இந்த மனுசனுக்குப் பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று அவன் மனைவி ரோசி சலித்துக்கொள்வாள். ஆனால் எண்ணிப் பார்த்தால் அவன் முயலுக்குப் பெரும்பாலும் நாலு கால் இருக்கும். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்துக் கூலிவரிசை வீடுகளில், மூணாவது லயத்தில் பிறந்தவன். அப்பா சிவகிரிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆள். அம்மா கொழுந்து எடுத்தாள். இவனுக்குக் கவாத்துக் கத்தியும் பிடிக்கவில்லை, மழைக்கால அட்டையும் பிடிக்கவில்லை. இருபது வயதில் போடிமெட்டு இறங்கி மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அட்டைக்கடிக்குப் பயந்து குண்டடிக்குப் போனவன் என்று லயத்தில் ரொம்ப நாள் சிரித்தார்கள். பதினாலு வருசம் கழித்து, 1973-ம் வருசம் சித்திரையில், இரும்புப் பெட்டியும் நாயக் என்ற பட்டமுமாகத் திரும்பி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்து ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். கேட்டில் நின்று அவன் கை தூக்கினால் மேனேஜர் ஜீப்பும் நிற்கும்.

போர்க்கதை கேட்க ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, "எத்தனை பேரைச் சுட்டிருப்பீக, அண்ணே?" என்று கேட்பார்கள். "ஒருத்தனை நிச்சயமாத் தெரியும்" என்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது. பத்துப் பதினைந்து என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விடும். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஒருத்தனுடைய பேரை அவன் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த வருசம் அக்டோபர் கடைசியில், தோட்டத்துக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஏசுரத்தினத்திடம்.

அந்தத் தோட்டத்தில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி சாமியார் மலையேறி வந்து கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் சொல்வார். உபதேசியார் நோட்டைப் பிரித்துச் செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு பேரை வாசித்துவிட்டு, "யார் இருக்கா?" என்று கேட்பார். கூட்டத்திலிருந்து ஒருவர், "மகள் இருக்கேன்" என்றோ "புருசன் இருக்கேன்" என்றோ பதில் சொல்ல வேண்டும். சொன்னால் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வார். பதில் இல்லையென்றால் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருசம் அந்தப் பேர் நோட்டிலேயே இருக்காது. மலைக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில், நூற்றுக்கணக்கான பேருக்கும் நின்று ஜெபிக்க நேரமில்லாமல் ஏற்பட்ட ஏற்பாடு அது. உயிரோடு இருந்தபோது காலையில் மஸ்டர் என்று ஆள் கணக்கு எடுத்தது போதாதென்று செத்த பிறகும் எடுக்கிறார்கள் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. செய்பவர்களும் அன்றைக்குத் தவறாமல் வந்து நின்று பதில் சொல்வார்கள்.

வேறு ஊரில் செத்து, உடல் மலைக்கு வந்து சேராதவர்களுக்கு வடக்கு மூலை. அங்கே அன்றைக்குக் காலையில் ஆளுக்கொரு மரச்சிலுவை நட்டுப் பூப் போடுவார்கள். அந்த மூலையில் நாலு பேர். அவர்களில் ஒருவன் பாக்கியநாதன், கத்தரீனாளின் ஒரே மகன். எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில், மேற்கு எல்லையில் செத்தவன்.

அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டது ஆசீர்வாதம். அறுபத்தொன்பதில் லீவில் வந்தவன், தானே மதுரைக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தி, மார்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். இரண்டே வருசத்தில் தந்தி வந்தது. கத்தரீனாள் கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே முதல் கை, வாயிலும் முதல் வாய். சூப்பர்வைசரையே "நீ போய் உன் ஜோலியைப் பாரு" என்று அனுப்புகிறவள். அப்பேர்ப்பட்டவள், "நீதானே கூட்டிட்டுப் போனே" என்ற ஒரு சொல்லை மட்டும் ஆசீர்வாதத்தைப் பார்த்து ஒரு நாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும். "என் பிள்ளை நியாயத்துக்குச் செத்தான். நாட்டைக் காக்கப் போனவனை யாரும் காவு குடுத்துட்டோம்னு அழக்கூடாது" என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கே அவள்தான் தைரியம் சொன்னாள். அவள் அப்படி நின்றதால்தான் ஆசீர்வாதத்தால் அந்த லயத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வருசத்துப் பேர்களை எழுத உபதேசியார் நோட்டோடு ஆசீர்வாதம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஆசீர்வாதம் அப்பா பேரைச் சொன்னான், அம்மா பேரைச் சொன்னான். பிறகு, "குல் ஜமான். ஜீலம் ஜில்லா" என்றான்.

உபதேசியார் பேனாவை நிறுத்தினார். "இது யாருப்பா?"

"பாகிஸ்தான் பட்டாளத்துக்காரன். கிழக்கே நடந்த சண்டையில செத்தான்."

"அவனுக்கு நீ என்ன உறவு?"

"சுட்டவன். அப்படியே எழுதுங்க."

ஏசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நோட்டுல தாயி, தகப்பன், புருசன், பொஞ்சாதி, பிள்ளைதான் உண்டு. சுட்டவன்னு ஒரு உறவு கிடையாதப்பா."

"இந்த வருசத்துலருந்து உண்டு."

உபதேசியார் பேரை எழுதினார். உறவு எழுதும் இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, காப்பியைக்கூட முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனார். சாயங்காலத்துக்குள் ஐந்து லயத்துக்கும் சேதி போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ரோசிக்குக் கோபத்தில் முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. "கட்டிக்கிட்டு ஏழு வருசம் ஆச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? உபதேசியாருக்குச் சொல்ல வாய் வந்திருக்கு!"

சொன்னான். வங்காளத்தில் ஒரு குளத்துக்கரை. வாழைத்தோப்பு. இவன் முன்னால் போக, பின்னால் மூணு பேர். கரை திரும்புகிற இடத்தில் பத்தடி தூரத்தில் அவன் வந்தான். இரண்டு பேரும் துப்பாக்கியைத் தூக்கினார்கள், இவனுடையது முதலில் வெடித்தது. வயிற்றில் பட்டு விழுந்தான். மேலே போக உத்தரவு வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியிருந்தது, அரைமணி நேரம் போல. தண்ணீர் கேட்டான், இவன் தன் பாட்டிலைக் கொடுத்தான். "குல் ஜமான், ஜில்லா ஜீலம்" என்று மூணு தடவை சொன்னான். பிறகு பேசவில்லை. கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆசீர்வாதம் பேரை மேலதிகாரியிடம் சொன்னான். மறுநாள் குண்டில் அந்த அதிகாரியும் போய்விட்டார், அவர் எங்காவது எழுதினாரோ இல்லையோ.

ரோசி அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தாள். "அதெல்லாம் சரி. கத்தரீனாக்கா முகத்துல எப்படி முழிப்பீக?" என்றாள்.

ஒன்றாம் தேதி மத்தியானம் சாமியார் வந்து சேர்ந்ததும் ஆளனுப்பிக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். "மனசுல பாரம் இருந்தா பாவசங்கீர்த்தனம் பண்ணு, ஆசீர்வாதம். தெய்வம் மன்னிக்கும்" என்றார்.

"பாவம்னா போன ஈஸ்டருக்கே சொல்லியிருப்பேன், சாமி. இது பாவம் இல்லை."

"ஒரு மனுசனைக் கொன்னது பாவம் இல்லையா?"

"வெட்டருவாளோட வீட்டுக்குள்ள வாரவனை வாசல்ல தடுக்காம விட்டா அதுதான் பாவம். அந்தப் பக்கத்துல ஜனங்க பிள்ளை குட்டியைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல வந்ததை நான் பார்த்தேன். ஒரு கிழவி பானையை மட்டும் தூக்கிட்டு வந்தா, உள்ளே ஒண்ணுமே இல்லை. அவங்களை அப்படி ஆக்கினவன் நம்ம விமானத்தளத்துலயும் குண்டு போட்டான். சண்டை போட்டோம். சரியாத்தான் போட்டோம். கையைத் தூக்கினவனை நான் சுடலே, ஆயுதம் இல்லாதவனைத் தொடலே. எதிர்ல தூக்கின துப்பாக்கியைச் சுட்டேன். இன்னிக்கும் சுடுவேன்."

"பிறகு எதுக்கு அவனுக்கு ஜெபம்?"

"அவன் எங்க கிடக்கான், பேரு என்னன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், சாமி. செத்தவனுக்கு யாரு இருக்காங்களோ அவங்கதானே பதில் சொல்லணும்? அவனுக்கு இருக்கிறது நான். என்னைத் தவிர ஆளில்லை."

சாமியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் இது எந்தப் புத்தகத்திலும் படித்த விஷயமாக இல்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "மகனைக் கொடுத்தவள் இங்கே ஒருத்தி இருக்கா. கத்தரீனாள் சம்மதிச்சா நான் வாசிக்கச் சொல்றேன். அவள் வேண்டாம்னா வாசிக்க மாட்டேன். நீ போய்க் கேளு."

கேட்கப் போக வேண்டியதுதானே? பதினாலு வருசம் பட்டாளத்தில் இருந்தவன், கழுத்தளவு தண்ணீரில் ஆறு தாண்டினவன், நாலு வீடு தள்ளியிருந்த கத்தரீனாளின் வாசலுக்குப் போகவில்லை. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பலகையை அறுத்துச் சிலுவை செய்ய உட்கார்ந்துவிட்டான். அதில் நீலப் பெயிண்டால் பேரும் எழுதினான். இரண்டாம் தேதி விடிந்ததும் வடக்கு மூலையில், பாக்கியநாதன் சிலுவைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் பூ வாங்கப் போனான். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான் செய்தான்.

பூவோடு திரும்பி வந்தபோது கத்தரீனாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். சிலுவை அவள் கையில் இருந்தது, அடியில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"பிடுங்கிட்டேன்" என்றாள். "ஏன்னு கேக்கணும்னா கேளு."

"நேத்தே நான் வந்து கேட்டிருக்கணும், அக்கா. பயந்துட்டேன்."

"யாருக்கு? எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"பயப்படத்தான் வேணும். என் பிள்ளையைக் கொன்ன கூட்டத்துல ஒருத்தனைக் கொண்டாந்து என் பிள்ளை பக்கத்துலயே நட்டிருக்கியே!"

"பாக்கியம் செத்தது மேற்கே, அக்கா. இவன் கிழக்கே என் எதிர்ல வந்தவன். பாக்கியத்தைக் கண்ணால பார்த்ததுகூட இல்லை."

"சட்டை ஒண்ணுதானே?"

"ஆமா" என்றான் ஆசீர்வாதம். "சட்டை ஒண்ணுதான்."

அவள் சிலுவையை மண்ணில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. இத்தனை நாள் அவள் யாரிடமும் காட்டாத பயம் அதில் இருந்தது. "நீ ஒண்ணு மட்டும் சொல்லு, தம்பி. சுட்டது தப்புன்னு இப்ப உனக்குத் தோணுதா? அதுக்குத்தான் இந்த ஜெபமா? நீ செஞ்சது தப்புன்னா என் பிள்ளை செஞ்சதும் தப்பு. பிறகு அவன் எதுக்குச் செத்தான்? வீணாவா?"

இதற்குத்தான் அவன் இரண்டு நாளாகப் பயந்தது. ஆனால் கேள்வி வந்தபிறகு பயம் போய்விட்டது. அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான்.

"தப்பு இல்லை, அக்கா. அந்தக் கரையில நாளைக்கு இன்னொருத்தன் துப்பாக்கியோட வந்தாலும் சுடுவேன். பாக்கியம் நின்ன இடம் சரியான இடம். நான் அவனைக் கூட்டிட்டுப் போனதுக்கு நீங்க என்னை எப்ப வேணா ஏசுங்க, வாங்கிக்கிடுதேன். அவன் நின்னது வீண்னு மட்டும் யாரு சொன்னாலும் விடமாட்டேன். இவன் பேரு என் கையில வந்துபோச்சு. நான் விட்டா அது இல்லாமப் போயிரும். அதுக்காகத்தான்."

கத்தரீனாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு அவள்தான் கேட்டாள்.

"ரொம்ப நேரம் கிடந்தானா?"

"அரைமணி நேரம் இருக்கும்."

"தண்ணி?"

"கேட்டான். குடுத்தேன்."

"ஆத்தா இருக்காளான்னு கேட்டியா?"

ஆசீர்வாதம் விழித்தான். "கேக்கலே."

"கல்யாணம் ஆனவனா?"

"தெரியலக்கா. கேக்கலே."

"அரைமணி நேரம்!" அவளுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "அரைமணி நேரம் பக்கத்துல உக்காந்திருக்கே. பேரு தெரியும், ஜில்லா தெரியும். ஆத்தா இருக்காளான்னு கேக்கத் தோணலியா உனக்கு? அதென்ன ஆம்பளைப் புத்தி? எனக்குத் தந்தி வந்துச்சு. அவன் பெட்டி வந்துச்சு. பெரிய ஆபீசரு கைப்பட எழுதின காயிதம் வந்துச்சு. அவளுக்கு என்ன வந்திருக்கும்? சண்டையில பிடிபட்டவங்களைத் திருப்பி அனுப்புறப்ப அவனும் வந்துருவான்னு இருப்பா. பாவி மக, இன்னும் அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருப்பா!"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாக்கியநாதனுக்கு அவள் பெண் பார்த்து வைத்திருந்தது ஆசீர்வாதத்துக்குத் தெரியும். அவள் சொன்னது உண்மை. அந்த அரைமணி நேரத்தில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. துப்பாக்கி வெடித்ததற்கு ஒரு நாளும் வருந்தாதவன் அதற்கு வருந்தினான்.

அவள் மனசு இறங்கிவிட்டது என்று நினைத்து, சிலுவையை வாங்கி மறுபடியும் அதே குழியில் வைக்கப் போனான்.

"வையி கீழே!" என்று அதட்டினாள். "சாயபு வீட்டுப் பிள்ளைக்கு எவனாவது சிலுவை நடுவானா? அவன் ஆத்தா கண்டா வயிறு எரியாது? என் பிள்ளையை அங்க எவனாவது மறந்தாப்புல பிறை போட்டுப் பொதைச்சா நான் சும்மா இருப்பேனா? பதினாலு வருசம் எல்லாச் சாதிக்காரனோடயும் ஒரே தட்டுல சோறு தின்னிருக்கே, இது தெரியலியே உனக்கு!"

அவனுக்கு நிஜமாகவே தோன்றவில்லை. வடக்கு மூலை என்றால் சிலுவை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறான். கூனிக் குறுகிப்போய்ப் பலகையைப் பிரித்துப் போட்டான். கத்தரீனாள் ஓடை ஓரமாகத் தேடி, ஒரு முழ நீளத்தில் ஒரு கல்லைக் காட்டினாள். "அவுக தலைமாட்டுக்குக் கல்லுதான் வைப்பாக. சின்னக்கானல்ல பாத்திருக்கேன். தூக்கு."

தூக்கி வந்து பழைய குழியருகே வைக்கப் போனான்.

"அங்க வேண்டாம்" என்றாள். "என் பிள்ளை பக்கத்துல வேண்டாம். அவ்வளவுக்கு எனக்கு மனசு பெருசில்லை. அந்த வேலி ஓரமா வையி."

வேலி ஓரமாக நட்டான். வாங்கி வந்த பூவை அவளிடம் நீட்டினான், அவள் தொடவில்லை. அவனே போட்டான்.

"அப்ப சாமிகிட்ட என்ன சொல்ல, அக்கா?"

"வாசிக்கச் சொல்லு." சேலை மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "யாரு இருக்கான்னு கேப்பாரே, நீ என்ன சொல்லப்போறே?"

"சுட்டவன்னுதான்."

"சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அவள் சொன்னது கோபத்திலா, இல்லை மனசாரத்தானா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மத்தியானம் மூணு மணிக்கு ஐந்து லயத்து ஜனமும் கல்லறைத் தோட்டத்தில் நின்றது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ரோசி புருசனை ஒட்டி நின்றாள். நிற்க மாட்டேன் என்று காலைவரை சொல்லிக்கொண்டிருந்தவள்தான். உபதேசியார் நோட்டைப் பிரித்தார். மூணாவது லயம் வந்தது. ஆசீர்வாதத்தின் அப்பா, பிறகு அம்மா. "மகன் இருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னான்.

உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குல் ஜமான். ஜீலம் ஜில்லா." கண்ணை நோட்டிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "யார் இருக்கா?"

"சுட்டவன் இருக்கேன்" என்றான் ஆசீர்வாதம், ஃபேக்டரி கேட்டில் நின்று சொல்வதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படியாக.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன், "வெக்கமா இல்லை? நம்ம பிள்ளையைக் கொன்னவனுக்கா?" என்று கத்தினான். இன்னொருவன் காறித் துப்பினான். சாமியாரின் கை தீர்த்தச் செம்புக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவர் கண் கத்தரீனாளைத் தேடியது. ஆசீர்வாதம் அசையவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டுமென்றால் சொல்ல வாயைத் திறந்தான்.

"சாமி" என்று கத்தரீனாளின் குரல் முந்திக்கொண்டது. பெண்கள் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். "அந்தப் பிள்ளையோட ஆத்தா இங்க வர முடியாது. அவளுக்குச் சேதியே தெரியாது. அவளுக்குப் பதிலா நான் இருக்கேன். தீர்த்தத்தைத் தெளிங்க."

கத்தினவன் வாயை மூடிக்கொண்டான். அவள் முன்னால் எவன் பேசுவான்? சாமியார் வேலி ஓரம் நடந்து போய்க் கல்லின்மேல் தீர்த்தம் தெளித்தார். ஜெபத்தை முதலில் ரோசி சொன்னாள், அப்புறம் நாலைந்து பேர், அப்புறம் பாதிக்கு மேல். சொல்லாதவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார்.

"பாக்கியநாதன். யார் இருக்கா?"

"ஆத்தா இருக்கேன்" என்றாள் கத்தரீனாள், அதே குரலில்.